தறியை விட்டுவிட்டு வீடு மாறினோம்

எங்களுக்குக் கிடைத்த வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தரையைத் தவிர.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நெசவாளர் சங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது. ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஏரியைப் பார்த்துச் சரியும் நிலத்தில் இரண்டு வரிசை வீடுகள். மேட்டில் இருந்ததை மேல் வரிசை என்றும், பள்ளத்தில் இருந்ததைக் கீழ் வரிசை என்றும் சொல்வோம். எல்லா வீடுகளும் ஒரே அமைப்பு. முன்னால் தறி போடுவதற்கு நீளமான கூடம், அதன் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி உலர்த்த ஒரு முற்றம். சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், கூடத்தில் சொந்தத் தறி ஓட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மாத வாடகைக்கு வீடு. அறுபதுகளின் பிற்பகுதியில் எங்களுக்குக் கீழ் வரிசையில் கடைசி வீடு ஒதுக்கப்பட்டது. நான் அப்போது டைரி எழுதத் தொடங்கவில்லை. அதனால் தேதிகள் என்னிடம் இல்லை. தமிழ் மாதங்கள் மட்டும் நிச்சயமாக நினைவிருக்கின்றன. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அதற்கு முன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் முன்பகுதியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "கூடம் வேணும்பா, வேற இடம் பாத்துக்கோ" என்றார். தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அதைச் சொன்னோம். "அறுத்துக்கினு போ" என்றார். தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவை, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகளை, நடுவில் அறுப்பது என்பது எங்கள் வீடுகளில் வாயால்கூடச் சொல்லாத விஷயம். அன்று என் கணவர் சாப்பிடவில்லை. ஆகவே சங்கத்து வீட்டின் சாவி கைக்கு வந்தபோது, இனி யாரும் நம்மை வெளியேற்ற முடியாது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

எங்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். கீழ் வரிசையில் குழி வெட்டியவர்கள் ஏரியை மறந்துவிட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் எங்கள் குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. காலையில் செம்பால் மொண்டு ஊற்றுவோம். மத்தியானத்துக்குள் கணுக்கால் அளவு வந்துவிடும். மிதிக்கட்டை ஊறிப் பருத்துக்கொண்டது. பட்டு நூல் ஈரத்தில் ஒட்டியது. என் கணவரின் கால் விரல் இடுக்குகள் வெளுத்து, பிளந்து, இரவில் எரியும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவேன். தை பிறக்கும்வரை அவர் செருப்புப் போட்டு நடந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் குழியை முதலில் கேலி செய்தவர்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியவரும். மேல் வரிசையில் பாவு போடும் தம்பதி ஒன்று இருந்தது. நெசவுக்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கு எடுத்து, காயவைத்துச் சுருட்டித் தருவது அவர்கள் தொழில். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெருவில் எங்களைப் போலத்தான். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டு வாசலில் தெரு வளைந்து போனதால் பாவை நீட்ட முடியாது. விடியற்காலையில் கழிகளையும் கயிற்றையும் சுமந்துகொண்டு எங்கள் கீழ் வரிசைக்கு வருவார்கள். இங்கே தெரு நேராக ஓடும். இரண்டு பக்கமும் புங்கமரம். வேலை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டில்தான் காபி குடிப்பார்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் என் கணவர் குழியிலிருந்து தண்ணீர் மொள்வதைப் பார்த்து அக்கா கேட்டார்: "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு நெசவு நெய்யறாரா, நாத்து நடறாரா?"

"நாத்து நட்டாலாவது நெல்லு வரும், அக்கா" என்றார் என் கணவர், தலையைத் தூக்காமல்.

"எங்க ஊட்டுக் குழியில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. எங்க ஆளு மத்தியானம் சாப்பிட்டதும் அதுல எறங்கி உக்காந்துக்கினு தூங்கறாரு. ஜில்லுன்னு கீதாம்."

அது உண்மை. பாவுக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்து நெசவு நெய்ய முடியாமல் போன பிறகு, தறியை அவிழ்த்துவிட்டார்கள். பாவு வேலைக்கு அவர் கண் வேண்டியதில்லை, விரல் போதும். குழி காலியாகக் கிடந்தது. தறிக் கட்டைகள் பின் முற்றத்தில் அவரைக்கொடிக்குப் பந்தலாக நின்றன.

அந்தக் கேலியில்தான் பேச்சு ஆரம்பித்தது. அக்கா ஒருநாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஊட்ட எனக்குக் குடுத்துடேன். வாசல்லயே பாவு நீட்டிக்குவேன். நீ மேல வந்துடு. உன் ஆளு காலு காயட்டும்" என்றார். முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்காமல் யோசித்தோம். யோசிக்க யோசிக்க அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர்களுக்கு நேரான தெரு வேண்டும், எங்களுக்கு ஈரமில்லாத குழி வேண்டும். வீடுகள் ஒரே அளவு, வாடகையும் ஒன்று. யாருக்கு என்ன நஷ்டம்?

பங்குனி, சித்திரை என்று பேச்சு நீண்டு, கடைசியில் ஆனி மாதக் கடைசியில் மாறுவது என்று முடிவானது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது. ஆவணிக்குத் தள்ளினால் கல்யாண வேலைகள் குவியும். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு வரிசைக்காரர்களும் நிற்க, ஒருவர் வீட்டை மற்றவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினோம். எங்கள் ஜனங்களிடையே கொடுக்கல் வாங்கல் அப்படித்தான். தெருவுக்குச் சொன்னால் உலகத்துக்குச் சொன்ன மாதிரி. சங்கத்து ஆபீசில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, கூடி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நல்ல நேரம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான் என்பதால், நான் என் குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு மேலே ஏறினேன்; அக்கா தன் விளக்கோடு கீழே இறங்கினார். பிள்ளையாருக்கு முன்னால் இருவரும் எதிரெதிராக வந்து நின்றுவிட்டோம். விளக்கோடு வருகிற சுமங்கலிக்கு வழிவிட வேண்டும். யார் யாருக்கு விடுவது? இரண்டு பேரும் ஒதுங்கினோம், மறுபடி இரண்டு பேரும் முன்னால் வந்தோம்.

"ராவே தல்லி, எண்ண சிந்துது" என்றார் அக்கா, வா தாயே என்று பாதி தெலுங்கில். சிரிப்பில் என் விளக்கிலும் சிந்தியது.

பாத்திரம், பாய், அரிசிப் பானை, சாமி படங்கள், பரண் மேல் கிடந்த தகரப்பெட்டி என எல்லாம் அன்று பொழுது சாய்வதற்குள் மாறிவிட்டன. தறி மட்டும் மாறவில்லை. அதில் அப்போதுதான் புதுப் பாவு பிணைத்திருந்தோம். மூன்று முகூர்த்தச் சேலைகளுக்கான பாவு. பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்த வேலையை யார் பிரிப்பார்கள்? பாவு தீர்ந்ததும் தறியைத் தூக்கிக்கொள்ளலாம், ஐப்பசிக்கு எப்படியும் முடிந்துவிடும் என்று விட்டுவைத்தோம்.

இதனால் நேர்ந்தது என்னவென்றால், வீடு மாறியும் நாங்கள் பகலெல்லாம் பழைய வீட்டில்தான் இருந்தோம். கோர்வைச் சேலைக்குக் கரையும் உடலும் தனித்தனி நாடாவில், குறுக்கிழையைக் கொண்டுபோகும் கட்டையில், ஓடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் தறியில் அது என் வேலை. காலையில் மேல் வீட்டில் கோலம் போட்டு, சமைத்து மூடிவைத்துவிட்டு, இருவரும் கீழே இறங்குவோம். அங்கே கூடத்தில் எங்கள் தறி. சுற்றிலும் அக்காவின் குடித்தனம். அவர் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்து, "காலத் தூக்கு" என்பார். நெய்கிறவர் குழிக்குள் இருக்கும் காலை எங்கே தூக்குவது?

பழக்கத்தில் என் கை சமையலறை மாடத்துக்குப் போகும். அங்கே என் உப்பு ஜாடி இருந்த இடத்தில் அக்காவின் ஊறுகாய் ஜாடி இருக்கும்.

"அது இப்ப என் மாடம். கேட்டு எடு."

"உப்பு குடு, அக்கா."

"எடுத்துக்கோ. என்னாத்துக்குக் கேக்கற?"

மத்தியானம் பாவுக்காரர் தன் பழைய குழியின் நினைவு வந்து, மேலே எங்கள் வீட்டுக்குப் போய் அங்கே தூங்கிவிட்டு வருவார். எங்கள் வீட்டுச் சாவி பெரும்பாலும் அவர் இடுப்பில் இருந்தது. நாங்கள் இரண்டு வீட்டை மாற்றிக்கொண்டோமா, ஒரே வீடாக்கிவிட்டோமா என்று தெருவில் கேலி செய்தார்கள். என் மணவாழ்க்கையில் நான் மிக அதிகமாகச் சிரித்த நாட்கள் அவை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆடி பிறந்து சில நாட்களில் சங்கத்து மேற்பார்வையாளர் குடையும் கைப்பையுமாக வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வீடுதோறும் தறி ஓடுகிறதா என்று பார்த்துப்போவது அவர் வழக்கம். நல்ல மனிதர், சற்றுப் பயந்த சுபாவம். முந்தைய வருஷங்களில் மேல் வரிசையில் அக்கா, "தறி இருக்குது சார், பின்னால" என்று அவரைப் பந்தலுக்கு அழைத்துப்போய்க் காட்டியபோது, அவர் அவரைக்காயைப் பார்த்துவிட்டுத் தறி என்று குறித்துக்கொண்டு போனவர்.

அன்று கீழ் வீட்டில் தறி ஓடுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சமையலறையிலிருந்து அக்கா வந்தார். "வாங்க சார். எங்க ஊட்டுக்கு மொத தடவையா வந்துகீறீங்க. காபி சாப்புட்டுதான் போவணும்."

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். "இது யாரு வீடு?"

"எங்க வீடுதான்" என்றேன் நான். அதே நேரத்தில் அக்காவும், "எங்க வீடுதான்" என்றார். மறைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் மறைத்திருப்போமோ என்னவோ. மறைக்க ஏதோ இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. பிள்ளையார் கோயில் வெற்றிலை பாக்கு வரை எல்லாவற்றையும் நாங்களே அவருக்குச் சொன்னோம். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் இரண்டு குடும்பத்துக்கும் நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் வீட்டை வேறொருவரிடம் ஒப்படைத்ததால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும் என்றும், சொல்லிக்கொள்ள ஏதும் இருந்தால் சங்க ஆபீசுக்கு வந்து சொல்லலாம் என்றும், தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு குழியில் இறங்கி உட்கார்ந்தார். மிதிக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்து வீட்டுக்காரர் சொன்ன "அறுத்துக்கினு போ" என் காதிலும் கேட்டது.

நோட்டீசைக் கொண்டுவந்த மேற்பார்வையாளரே போகும்போது தாழ்ந்த குரலில் ஒரு வழி சொன்னார். "உங்க பேர்ல இருக்கற வீட்டுலதான உங்க தறி ஓடுது? அது போதும். பாத்திர பண்டத்த எடுத்துக்கினு அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க. மாறவே இல்ல, விருந்தாளியா வந்திருந்தாங்கன்னு சொல்லுங்க. நானும் அப்படியே எழுதிடறேன்."

என் கணவர் அன்றே சட்டி பானையைத் தூக்கத் தயாராக இருந்தார். நானும் அக்காவும் மறுத்துவிட்டோம். ஆடியில் அடுப்பை மாற்ற முடியாது. ஆபீஸ் கேட்டாலும் முடியாது, அரசாங்கம் கேட்டாலும் முடியாது. அதை மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். ஆவணி முதல் வாரம் ஆபீசுக்கு வரும்படி தேதி மாற்றிக் கொடுத்தார்.

ஆடியில் மிச்சமிருந்த நாட்கள் முழுவதும் யோசிக்க எங்களுக்குக் கிடைத்தன. பொய் சொன்னால் இரண்டு வீடும் தப்பும்; ஆனால் அவரவர் பழைய வீட்டில்தான் இருந்தாக வேண்டும், எங்களுக்கு மறுபடியும் தண்ணீர்க் குழி. உண்மையைச் சொல்லி மாற்றத்துக்கு அனுமதி கேட்டால் எங்களுக்குக் கிடைக்கலாம், எங்களிடம் தறி இருக்கிறது. அக்காவிடம் தறி இல்லை. தறி இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் வீடு இல்லை. ஆபீசில் வாயைத் திறந்தால் முதலில் தெருவுக்கு வரப்போவது அவர்கள்தான்.

"பொய்யே சொல்லிடலாம்" என்றார் என் கணவர். "எங்க காலு நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது. உங்களுக்கு வீடு போவக்கூடாது."

"ஆமா, பெரிய தியாகி. போன கார்த்திகையில நடக்க முடியாம சுவத்தப் புடிச்சிக்கினு போனது யாரு?" என்றார் அக்கா.

"அக்கா, வெளையாடாத."

"யாரு வெளையாடறது? வருஷா வருஷம் அவரைக்காயக் காட்டித் தறின்னு சொல்லிக்கினு கீறேன். அந்த ஆளு நல்லவரு, பாத்தும் பாக்காத மாதிரி போறாரு. வேற ஒருத்தர் வந்தா? அன்னிக்கும் வெளியதான். கேட்டுப் பாத்துடலாம்பா. பயந்துக்கினே ஒரு ஊட்டுல எத்தினி நாள் சமைக்கறது?"

"அவ சொன்னா சொன்னதுதான்" என்றார் பாவுக்காரர். "எனக்கு மட்டும், போற எடத்துல ஒரு குழி இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

ஆவணியில் நாங்கள் நால்வரும் சங்க ஆபீசுக்குப் போனோம். செயலாளர் எங்களைப் போல நெசவாளர் வீட்டுப் பிள்ளை. படித்து, வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக நாற்காலிக்கு வந்தவர். இரண்டு ஆண்களும் தொண்டையைக் கனைத்தார்கள், அதற்கு மேல் போகவில்லை. வாசற்படியில் நின்ற அக்கா ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "மாத்திக்கறதுக்கு வழி இருக்குதும்மா. ரெண்டு பேரும் சேர்ந்து முன்னாடியே இங்க கேட்டிருந்தா நாங்களே மாத்திக் குடுத்திருப்போம். அது உங்க உரிமை. கேக்காம மாறினதுதான் தப்பு."

"கேக்கணும்னு யாரு சொன்னாங்க சார்? நாங்க பிள்ளையார்கிட்ட கேட்டோம்."

"பிள்ளையார் நம்ம கமிட்டியில இல்லையேம்மா." மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "இப்பவும் கேக்கலாம். ஆனா ரெண்டு குடும்பத்துக்கும் தறி இருக்கணும். அவங்களுது கீழ ஓடுது. உங்க தறி எங்க?"

மேற்பார்வையாளர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். அக்கா தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவரை காய்ச்சிக்கினு இருக்குது சார்."

அறையில் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும், வெள்ளிக்கிழமை காலையில் நானே வருகிறேன், அதுவரை யாரும் யாரையும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் எதற்கும் கேலி செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கீழ் வரிசையில் பாவு நீட்டியிருந்தது. மேல் வரிசையில் ஒருவருடைய தறிக்கான அரக்கு நிறப் பாவு. புங்கமரங்களுக்கு நடுவே தெருவின் பாதி நீளத்துக்கு அது இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. பாவுக்காரர் ஒரு நுனியில், அக்கா நடுவில் கஞ்சி தடவிக்கொண்டு. செயலாளரும் மேற்பார்வையாளரும் கமிட்டிக்காரர் இருவரும் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தார்கள். நெசவாளர்கள் தெருவில் நீட்டிய பாவுக்கு ஓரமாக ஒதுங்கி நடப்பது போலவே, தங்கள் வேட்டி பாவில் பட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் எங்கள் பழைய வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தூறல் விழுந்தது. முகத்தில் ஒரு சொட்டு, கையில் ஒரு சொட்டு, பிறகு இலைகளில் சடசடவென்று.

கஞ்சி தடவிய பட்டுப் பாவில் மழை பட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொத்தப் பாவும் வீண். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மழை வந்தால் தெருவில் யார் போய்க்கொண்டிருந்தாலும், அது யார் பாவாக இருந்தாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்க வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நான் உள்ளேயிருந்து வந்தபோது செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டியபடி பாவின் நடுவில் இருந்தார். மேற்பார்வையாளர் குடையை விரித்துத் தனக்குப் பிடிக்காமல் பாவுக்குப் பிடித்துக்கொண்டு, அதோடு பக்கவாட்டில் ஓடினார். கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு கழியைத் தூக்கினார்கள். என் கணவர் பாதி நெய்ததை அப்படியே விட்டுக் குதித்து வந்தார்.

"மடிக்காத! மடிக்காத!" என்று பாவுக்காரர் நுனியிலிருந்து கத்தினார். "விறைப்பா புடி, அப்படியே உள்ள கொண்டா!"

எல்லோரும் பாவோடு எங்கள் பழைய வீட்டுக்குள் புகுந்தோம். கூடத்தின் நீளம் போதாமல் அது சமையலறை வழியாகப் பின் முற்றத்துக் கூரை வரை போய், திரும்பி, எங்கள் தறிக்கு மேலாக வந்து, செயலாளரின் நீட்டிய இரண்டு கைகளில் முடிந்தது. மிச்சத்தை வைக்க இடமில்லை.

"சார், கைய எறக்காதீங்க" என்றார் அக்கா.

"எறக்கலைம்மா."

"கொஞ்சம் ஒசத்துங்க. கஞ்சி ஒட்டுது."

செயலாளர் உயர்த்தினார். அக்கா ஒரு விளக்குமாற்றுக் குச்சியோடு இழை இழையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, "இங்க ஒண்ணு ஒட்டியிருக்குது, இங்க ஒண்ணு" என்று சொல்ல, கமிட்டிக்காரர்கள் குனிந்து பிரித்தார்கள். வெளியே மழை வலுத்தது. நின்ற இடத்திலிருந்து செயலாளருக்கு எங்கள் தறிக்குழி நேராகத் தெரிந்தது. அதன் ஓர் ஓரத்தில் மண் கறுத்து, தண்ணீர் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆவணியிலேயேவா?" என்றார்.

"ஐப்பசியில வந்து பாருங்க சார்" என்றார் என் கணவர். "மீன் புடிக்கலாம்."

பாவு தப்பியது. கடைசி இழை வரை தப்பியது. செயலாளரின் கைகளை விடுவித்தபோது அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார். அவர் சட்டையில் கஞ்சி. அக்கா வெந்நீரும் காபியும் கொடுத்தார். அவர் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கழிகள், பரணில் கயிறுகள், கஞ்சிப் பானை, சுவரில் சாய்ந்திருந்த தூரிகைகள்.

"இந்தப் பாவு எந்தத் தறிக்குப் போவுது?" என்று கேட்டார்.

"சங்கத்துத் தறிக்குதான் சார். வேற எங்க போவும்?"

அவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். ஒருவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "பாவு போடற எடமும் தொழில் நடக்கற எடம்தானே" என்றார். மற்றவர், "அவரைப் பந்தலையும் பாத்துட்டுப் போயிடலாமா?" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகச் சிரித்தார்.

கமிட்டியின் உத்தரவு புரட்டாசியில் வந்தது. எங்களுக்கு மேல் வீடு எங்கள் பேரிலேயே மாற்றி எழுதப்பட்டது. பாவுக்காரர் தம்பதிக்குக் கீழ் வீடு. ஆனால் அவர்கள் இருவரின் ஆயுள் காலம் வரை மட்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு முழு வீடு, அவர்களுக்கு ஆயுள் வரை என்பது சரியான நியாயம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. என் கணவர் அதை எதிர்த்துப் பேச ஆபீசுக்குக் கிளம்பினார். அக்காதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "ஆயுசுக்கும் எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு மேல அந்த ஊட்ட வெச்சிக்கினு நாங்க இன்னா பண்ணப் போறோம்? போ, போய் மூணாவது சேலைய முடி."

மூன்றாவது சேலை புரட்டாசி முடிவதற்குள் இறங்கியது. பாவு தீர்ந்த தறியைக் கட்டை கட்டையாகப் பிரித்து மேலே கொண்டுபோய், ஈரமில்லாத குழியில் நாட்டினோம். கீழ் வீட்டுக் குழியை மண் போட்டு மூடித் தருகிறேன் என்று என் கணவர் சொன்னார். பாவுக்காரர் சம்மதிக்கவில்லை. கோடையில் தூங்க வேண்டும் என்றார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு மத்தியானம், என் கணவர் உலர்ந்த காலோடு மேலே தறியில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்க, கரை நாடாவுக்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு நான் சுண்டலை மூடி எடுத்துக்கொண்டு கீழே போனேன். கூடத்தில் குழி முக்கால்வாசி நிறைந்திருந்தது. பாவுக்காரர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால் வரை தண்ணீரில் விட்டு, மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா, அவரும் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு.

"வாம்மா" என்றார் அக்கா. "எங்க ஊட்டுல கொளம் கீது. உங்க ஊட்டுல கீதா?"

இல்லை என்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். நானும் காலை விட்டேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.